‘சிக்கினார்’ என்று எப்போது எழுதலாம்?

இந்த இதழின் கேள்வி–பதில் பகுதி முழுக்கச் சைக்கிள் பந்தய ஊக்கமருந்துச் செய்திகளுக்கே. வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே சங்கடத்தைச் சொல்கின்றன: செய்தியை முழுசாகப் படித்த பிறகும், அந்த வீரர் தப்புச் செய்தாரா இல்லையா என்பது புரியவில்லை.

கே: ஒரு வீரரைப் பற்றி ஒரே நாளில் மூன்று இடங்களில் படித்தேன். ஒன்றில் ‘ஊக்கமருந்தில் சிக்கினார்’, இன்னொன்றில் ‘சோதனையில் பாதகமான முடிவு’, மூன்றாவதில் ‘தற்காலிக இடைநீக்கம்’. மூன்றும் ஒன்றுதானா?

ப: இல்லை. ஒரு வழக்கு எந்தப் படியில் நிற்கிறது என்பதைச் சொல்லும் சொற்கள் இவை. படி மாறினால் சொல்லும் மாற வேண்டும்.

பந்தயம் முடிந்ததும் வீரர் குறைந்தது 90 மில்லிலிட்டர் சிறுநீர் கொடுக்கிறார். ஒரே எண் பொறித்த இரண்டு குப்பிகளில் அதைப் பிரித்து ஊற்றி மூடுகிறார்கள்: ‘ஏ’ குப்பியில் 60, ‘பி’ குப்பியில் 30. ஆய்வகத்துக்குப் போவது எண் மட்டும், பெயர் போவதில்லை. ‘ஏ’ குப்பியில் தடைசெய்த பொருள் தெரிந்தால், ஆய்வகம் அனுப்பும் தாளின் பெயர்தான் ‘பாதகமான ஆய்வு முடிவு’. அந்தத் தாள் கைக்கு வந்ததும் சோதனை அமைப்பு இரண்டு விஷயங்களைப் பார்க்கும். இந்த மருந்துக்கு வீரரிடம் மருத்துவ அனுமதி இருக்கிறதா? மாதிரி எடுத்த விதத்திலோ ஆய்வகத்திலோ பிசகு இருக்கிறதா? இரண்டும் இல்லை என்றால்தான் வீரருக்குக் கடிதம் போகும்.

‘பி’ குப்பியைத் திறக்கச் சொல்ல வீரருக்கு உரிமை உண்டு. திறக்கும்போது அவரோ அவர் ஆளோ பக்கத்தில் நிற்கலாம். ‘பி’ ஒத்துவராவிட்டால் அந்த முடிவு அத்துடன் போயிற்று. இதற்கிடையே, தெரிந்தது சிவப்பணுவைப் பெருக்கும் இ.பி.ஓ., தசை வளர்க்கும் அனபாலிக் ஸ்டீராய்டு போன்றவை என்றால் தற்காலிக இடைநீக்கம் தானாகவே வந்துவிடும். விசாரணை, தீர்ப்பு எல்லாம் அதற்குப் பிறகு. தீர்ப்பு வந்த பிறகு, குறித்த நாளுக்குள் லோசானில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றத்துக்கு மேல்முறையீடு போகலாம். ‘விதியை மீறினார்’ என்று முழு வாக்கியமாக எழுதத் தீர்ப்பு வேண்டும், அல்லது வீரரே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.

அமெரிக்க வீரர் ஃப்ளாய்ட் லாண்டிஸ் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பிரான்ஸின் மூன்று வாரச் சுற்றுப் பந்தயமான டூர் டி பிரான்ஸில், 2006 ஜூலை 20 அன்று, மோர்ஸின் நகரில் முடிந்த அன்றைய கட்டத்தில் தனியாகப் பிரிந்து போய் வென்றார். அன்றைய மாதிரியின் ‘ஏ’ குப்பியில் பாதகமான முடிவு வந்தது; ஜூலை 27 அன்று அவருடைய அணியே அவர் பெயரை வெளியில் சொல்லிவிட்டது. ‘பி’ குப்பியின் முடிவு ஆகஸ்ட் 5 அன்றுதான் வந்தது. நடுவில் இருந்த ஒன்பது நாளும் பக்கம் பக்கமாக ஓடியது ஒரே எண்: டெஸ்டோஸ்டிரோனுக்கும் எபிடெஸ்டோஸ்டிரோனுக்கும் உள்ள விகிதம் 11:1, அனுமதி 4:1. ஆனால் 2007 செப்டம்பரில் நடுவர்கள் தீர்ப்பளித்தபோது, அந்த விகிதச் சோதனையை ஆய்வகம் விதிப்படி செய்யவில்லை என்று தள்ளிவிட்டார்கள். தண்டனை நின்றது இன்னொரு சோதனையின்மேல். டெஸ்டோஸ்டிரோனில் இருக்கும் கார்பன் ஐசோடோப்புகளை அளந்து, அது உடம்பில் சுரந்ததா வெளியிலிருந்து வந்ததா என்று பார்க்கும் சோதனை அது. பத்திரிகைகள் ஓராண்டு தூக்கிப் பிடித்த எண்ணுக்குத் தீர்ப்பில் இடமே இல்லை. 2010-ல் லாண்டிஸ் தானே ஒப்புக்கொண்டார் என்பது வேறு. 2006 ஜூலையில் எழுதியவர்கள் கையில் அந்த ஒப்புதல் இல்லை.

கே: 2010 டூரில் முதலிடம் பிடித்த ஸ்பெயின் வீரர் கான்டடோர் விவகாரத்தில் ‘இம்மியளவு’ என்று எழுதினார்கள். அவ்வளவு குறைவு என்றால் பட்டத்தை ஏன் பறித்தார்கள்?

ப: சில பொருள்களுக்கு ஓர் எல்லை உண்டு, அதற்கு மேல் போனால்தான் பிரச்சினை. சிலவற்றுக்கு எல்லையே இல்லை, இருந்தாலே பிரச்சினை. கான்டடோரின் மாதிரியில் தெரிந்த கிளென்பியூட்டரால் அன்று இரண்டாவது வகை. அளவைச் சொல்லிவிட்டு வகையைச் சொல்லாத செய்தி வாசகரைத் தவறான பக்கம் தள்ளுகிறது.

2010 ஜூலை 21, பாவ் நகரில் ஓய்வு நாள். அன்று எடுத்த மாதிரியில் மில்லிலிட்டருக்கு 50 பிகோகிராம். ஆய்வகங்கள் கட்டாயம் கண்டுபிடித்தாக வேண்டும் என்று வைத்திருந்த அளவைவிட இது 400 மடங்கு குறைவு என்று சர்வதேச சைக்கிள் சங்கமான யுசிஐ தன் அறிக்கையில் சொன்னது. பல செய்திகள் அந்த வரியை அப்படியே இறக்கின. ஒரு நிமிடம் ஒதுக்கிக் கணக்குப் போடுவோம். அன்றைய கட்டாய அளவு 2 நானோகிராம். ஒரு நானோகிராம் 1,000 பிகோகிராம். 2,000-ஐ 50-ஆல் வகுத்தால் 40. ஒரு பூஜ்யம் கூடுதலாக விழுந்துவிட்டது. அந்தப் பூஜ்யம் வாசகர் மனசில் ‘பாவம், ஒன்றுமில்லாததற்கு’ என்ற எண்ணத்தைப் பத்து மடங்கு பெருக்கியிருக்கும். அறிக்கையில் எண் வந்தால் அலகைப் பாருங்கள், வகுத்துப் பாருங்கள். யார் வெளியிட்டது என்பதற்காக விட்டுவிடாதீர்கள்.

எல்லை இல்லாத பொருள் என்பதால், அது உடம்புக்குள் எப்படி வந்தது என்று காட்டும் பொறுப்பு வீரருடையது. சாப்பிட்ட இறைச்சி வழியாக வந்தது என்றார் கான்டடோர். இறைச்சியைவிடவும் ரத்தமேற்றலைவிடவும் கலப்படமான சத்துமாவு, மாத்திரை வகையறா வழியாக வந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று 2012 பிப்ரவரி 6 அன்று நடுவர் மன்றம் முடிவு செய்து, இரண்டாண்டு தடை விதித்தது. வேண்டுமென்றே எடுத்தார் என்று அது சொல்லவில்லை. ‘ஏமாற்றியது நிரூபணம்’ என்று தலைப்பிட்டவர்கள் தீர்ப்பைப் படிக்கவில்லை. பிற்பாடு விதியே மாறியது: 2019 முதல், 5 நானோகிராமுக்குக் குறைவாக இருந்தால் இறைச்சி வழியாக வந்ததா என்று முதலில் விசாரிக்கிறார்கள். பழைய வழக்கை இன்றைய விதியால் அளப்பதும், இன்றைய வழக்கைப் பழைய விதியால் அளப்பதும் அடிக்கடி நடக்கும் பிழைகள்.

இந்த வழக்கில் பத்திரிகையின் பங்கு ஒன்று உண்டு. கான்டடோருக்குத் தகவல் போனது ஆகஸ்ட் 24. ஐந்து வாரம் உலகுக்கு எதுவும் தெரியாது. ஜெர்மனியின் ஏஆர்டி தொலைக்காட்சிச் செய்தியாளர் ஹாயோ செப்பெல்ட் துருவத் தொடங்கிய பிறகே, செப்டம்பர் கடைசியில் அறிவிப்பு வந்தது.

கே: பிரிட்டன் வீரர் கிறிஸ் ஃப்ரூம் வழக்கு கடைசியில் தள்ளுபடி ஆனது. அப்படியானால் முதலில் செய்தி வெளியிட்டது தப்புதானே?

ப: தப்பில்லை என்பது எங்கள் கருத்து. 2017 ஸ்பெயின் சுற்றுப் பந்தயத்தில் செப்டம்பர் 7 அன்று எடுத்த மாதிரியில் சால்புட்டமால் மில்லிலிட்டருக்கு 2,000 நானோகிராம், எல்லை 1,000. இது ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் மருந்து. 24 மணி நேரத்தில் 1,600 மைக்ரோகிராம் வரை அன்று அனுமதி இருந்தது. குறிப்பிட்ட பொருள்கள் என்ற பட்டியலில் வருவதால் கட்டாய இடைநீக்கம் கிடையாது. அறிவிக்கும் கட்டாயமும் இல்லை. டிசம்பர் 13 அன்று பிரிட்டனின் கார்டியன் நாளிதழும் பிரான்ஸின் லெ மோந்த் நாளிதழும் வெளியிட்டன. பட்டம் வென்றவரின்மேல் விசாரணை நடக்கிறது, அவர் அடுத்த பந்தயங்களுக்குத் தயாராகிறார் என்பது பொதுமக்களுக்குத் தெரிய வேண்டிய சங்கதி.

தப்பு நடந்தது தலைப்புகளில். ‘எல்லையைப் போல் இரு மடங்கு’ என்பது உண்மை. ஆனால் ஐந்து மணி நேரம் வெயிலில் மிதித்தவரின் சிறுநீர் கெட்டிப்பட்டிருக்கும். அடர்த்தியைக் கணக்கில் எடுத்துத் திருத்தியபோது அதே எண் 1,429 ஆகக் குறைந்தது. 2018 ஜூலை 2 அன்று யுசிஐ வழக்கை மூடியது. 2014-ல் 1,900 காட்டிய டியகோ உலிஸ்ஸிக்கு ஒன்பது மாதத் தடை கிடைத்ததே, இது என்ன நியாயம் என்று கேட்டவர்கள் உண்டு. அது கேட்க வேண்டிய கேள்வி. அதற்கான முழு விளக்கத்தை அதிகாரிகளிடமிருந்து பத்திரிகைகள் வாங்கியிருக்க வேண்டும். மூடியது முதல் பக்கச் செய்தியாக வந்த இடங்கள், திறந்தது வந்த இடங்களைவிடக் குறைவு. அது எங்களுக்கு வருத்தமே.

கே: ‘ஒரு சோதனையிலும் நான் தோற்றதில்லை’ என்று அமெரிக்க வீரர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் திரும்பத் திரும்பச் சொன்னார். சோதனையே கண்டுபிடிக்காததைச் செய்தியாளர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

ப: காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து.

முதல் காகிதம் 1999 ஜூலையில். டூர் நடந்துகொண்டிருக்கும்போதே, அவருடைய மாதிரியில் கார்ட்டிகோஸ்டீராய்டு தடயம் இருந்தது என்று லெ மோந்த் எழுதியது. சேணப் புண்ணுக்குப் பூசிய களிம்பு என்று விளக்கம் வந்தது, மருத்துவச் சீட்டு காட்டப்பட்டது, யுசிஐ ஏற்றுக்கொண்டது. அந்தச் சீட்டு பின்தேதியிட்டு எழுதியது என்று, அணியில் உடம்பு பிடித்துவிடும் வேலை பார்த்த எம்மா ஓ’ரெய்லி பிறகு சாட்சி சொன்னார். அன்றைக்கே ஒவ்வொரு செய்தியாளரும் கேட்டிருக்க வேண்டியது ஒரே கேள்வி: மாதிரி எடுத்த அன்று நிரப்பிய படிவத்தில் இந்தக் களிம்பு எழுதப்பட்டிருந்ததா? படிவத்தில் மருந்துகளை எழுத ஒரு கட்டம் இருக்கிறது. சீட்டு பிறகும் வரலாம்; படிவம் அன்றே மூடப்பட்டுவிடும்.

இரண்டாவது, 2005 ஆகஸ்ட் 23 அன்று பிரெஞ்சு விளையாட்டு நாளிதழான லெக்கீப்பில் செய்தியாளர் டாமியென் ரெஸியோ எழுதியது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 1999-ல் சிறுநீரில் இ.பி.ஓ. கண்டுபிடிக்கும் சோதனை கிடையாது. ‘ஏ’ குப்பிகள் அந்த ஆண்டே வேறு சோதனைகளில் தீர்ந்துபோயின. பாரிஸ் அருகே ஷத்தனே–மலப்ரி ஆய்வகத்தின் உறைபெட்டியில் ‘பி’ குப்பிகளில் மிச்சம் இருந்தது. 2004-ல் சோதனை முறையைச் சீராக்க, ஆராய்ச்சிக்காக அவற்றைத் திறந்தார்கள். ஆராய்ச்சி அறிக்கையில் பெயர் இல்லை, குப்பி எண்ணும் முடிவும் மட்டும். மறுபக்கம், 1999-ல் நிரப்பிய ஆர்ம்ஸ்ட்ராங்கின் சோதனைப் படிவங்களின் நகல் ரெஸியோவிடம் இருந்தது. அதில் பெயரும் உண்டு, குப்பி எண்ணும் உண்டு. இரண்டு தாளையும் வைத்து எண்ணுக்கு எண் பார்த்தால், இ.பி.ஓ. தெரிந்த ஆறு எண்கள் ஒரே பெயரில் போய் விழுகின்றன. ஆய்வகத்துக்குப் பெயர் தெரியாது; படிவம் வைத்திருந்தவருக்கு முடிவு தெரியாது. செய்தி இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தது.

இதை வைத்துத் தண்டிக்க முடியாது. ‘ஏ’ தீர்ந்த பிறகு ‘பி’ மட்டும் திறந்தால், சரிபார்க்க இன்னொரு குப்பி இல்லை. ஆகவே ஒரே தகவல் பத்திரிகைக்குப் போதுமான ஆதாரமாகவும் விசாரணை மன்றத்துக்குப் போதாத ஆதாரமாகவும் இருந்தது. ‘நிரூபிக்கப்படவில்லை’ என்று அன்று சொன்னவர்களும் பொய் சொல்லவில்லை, ‘இ.பி.ஓ. இருந்தது’ என்று எழுதியவரும் பொய் சொல்லவில்லை. 2012 அக்டோபர் 10 அன்று அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு முகமை வெளியிட்ட முடிவு 26 பேரின் சாட்சியத்தில் நின்றது. அதில் 15 பேர் பந்தய வீரர்கள். அடுத்த ஜனவரியில் தொலைக்காட்சியில் அவரே ஒப்புக்கொண்டார்.

சோதனைக்கு வெளியே வந்த இன்னொரு தடயம் டென்மார்க் வீரர் ராஸ்முசன் வழக்கில். 2007 டூரில் முதலிடத்துக்கான மஞ்சள் ஜெர்சியோடு இருந்தவர். ஜூன் மாதம் மெக்சிகோவில் பயிற்சி செய்தேன் என்று, சோதனைக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டிய இருப்பிடத் தகவலில் எழுதியிருந்தார். அதே நாள்களில் இத்தாலியின் டோலோமைட் மலையில் அவரைப் பார்த்ததாக முன்னாள் வீரரும் வர்ணனையாளருமான டாவிடே கஸ்ஸானி போகிறபோக்கில் பாராட்டிச் சொன்னார். ஜூலை 25 அன்று அணியே அவரை விலக்கியது. எந்தக் குப்பியும் திறக்கவில்லை.

கே: இத்தாலி வீரர் பந்தானி 1999-ல் ஊக்கமருந்துச் சோதனையில் தோற்றார் என்று படித்தேன். சரியா?

ப: சரியில்லை. ஜூன் 5, மடோனா டி கம்பிக்லியோ. இத்தாலிச் சுற்றில் இரண்டு கட்டங்களே மிச்சம். அவர் ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 52 சதவீதம், எல்லை 50. யுசிஐ 1997-ல் கொண்டுவந்த இந்த எல்லையின் பெயர் உடல்நலப் பரிசோதனை. தாண்டினால் 15 நாள் ஓய்வு. இ.பி.ஓ.வைக் கண்டுபிடிக்க வழியில்லாத நாளில் வைத்த வேலி அது. சந்தேகத்துக்கு முழு இடமிருக்கிறது, ஆனால் ‘மருந்து கண்டுபிடிக்கப்பட்டது’ என்று எழுத இடமில்லை.

அந்த வேலி ஏன் ஓட்டை என்றால், உப்பு நீரை நரம்பில் ஏற்றினால் அந்த சதவீதம் சற்று நேரத்தில் இறங்கிவிடும். அதனால்தான் 2008 முதல் உயிரியல் கடவுச்சீட்டு, அதாவது ஒவ்வொரு வீரரின் ரத்த எண்களையும் தொடர்ந்து குறித்துவைக்கும் பதிவு. அதில் ஒரு எண்ணைப் பார்ப்பதில்லை, வரிசையைப் பார்க்கிறார்கள். கணக்கு எளிது: லிட்டருக்கு எத்தனை கிராம் ஹீமோகுளோபின் என்ற எண்ணிலிருந்து, இளம் சிவப்பணு சதவீதத்தின் வர்க்கமூலத்தை 60-ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். ஹீமோகுளோபின் 150, இளம் அணு 1 சதவீதம் என்றால் 90. ரத்தம் ஏற்றிக்கொண்டால் ஹீமோகுளோபின் 165 ஆகிறது என்று வையுங்கள். ‘போதும்’ என்று எலும்பு மஜ்ஜை புது அணு செய்வதை நிறுத்திவிட, இளம் அணு 0.25-க்கு இறங்கும். 165-லிருந்து 30 போக 135. ஒருவருக்கே 90-ம் 135-ம் வந்தால் நிபுணர்கள் உட்காருவார்கள்.

கே: மலையேற்றத்தில் ஒரு கிலோ எடைக்கு எத்தனை வாட் என்று கணக்குப் போட்டு ‘இது மனிதரால் முடியாது’ என்று எழுதுகிறார்களே, நம்பலாமா?

ப: கணக்கை நம்பலாம், முடிவை நம்பக் கூடாது. 2015 டூரில் ஜூலை 14 அன்று வந்த லா பியேர்–சேன்–மார்ட்டன் மலையேற்றத்தை வைத்தே போட்டுப் பார்ப்போம். 15.3 கிலோமீட்டர், சராசரிச் சரிவு 7.4 சதவீதம். ஏறிய உயரம் சுமார் 1,132 மீட்டர். ஃப்ரூம் எடுத்த நேரம் 41 நிமிடம் 28 விநாடி, அதாவது 0.691 மணி. வகுத்தால் மணிக்கு 1,638 மீட்டர் உயரம். இதை 200-உடன் சரிவின் பத்து மடங்கைக் கூட்டி வந்த 274-ஆல் வகுங்கள்: கிலோவுக்கு ஏறக்குறைய 6 வாட்.

பிரெஞ்சுத் தொலைக்காட்சி அந்த வாரம் திரையில் காட்டிய எண் 7.04. அணி தன் கருவியிலிருந்து வெளியிட்டது 414 வாட், எடை 67.5 கிலோ. அப்படியே வகுத்தால் 6.13. முட்டை வடிவப் பல்சக்கரத்தால் கருவி சுமார் 6 சதவீதம் கூட்டிக் காட்டுகிறது என்று கழித்து 5.78 என்றார்கள். ஒரே மனிதர், ஒரே மலை, ஒரே மதியம், 5.78 முதல் 7.04 வரை. இடைவெளி எங்கிருந்து வந்தது? எடையை ஊகித்தது, முதுகுக் காற்று, இன்னொருவர் பின்னால் ஒதுங்கி ஓட்டியது, கடிகாரத்தை எந்த வளைவில் அழுத்தினார்கள் என்பது. நேரத்தில் 1 சதவீதம் பிசகினால் வாட்டும் 1 சதவீதம் பிசகும். எடையில் இரண்டு கிலோ பிசகினால் 3 சதவீதம்.

இந்த எண்ணை வைத்து அணியிடம் கேள்வி கேட்கலாம், கேட்க வேண்டும். 2015-ல் அந்தக் கேள்வியின் அழுத்தத்தால்தான் அணி தரவை வெளியிட்டது; அது பத்திரிகையின் வெற்றிதான். அதையே குற்றச்சாட்டாக அச்சடிப்பதை எங்களால் ஏற்க முடியாது. எழுதும்போது தூரம், சரிவு, நேரம், ஊகித்த எடை நான்கையும் போடுங்கள். வாசகர் தானே வகுத்துப் பார்க்கட்டும்.

கே: தமிழில் எழுதும்போது ‘போதை மருந்து’, ‘ஸ்டீராய்டு’ என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் போடுகிறோம். திருத்தம் தேவையா?

ப: கட்டாயம் தேவை. இ.பி.ஓ. சிவப்பணுவைப் பெருக்குவது; அதில் போதை ஏது? ஊக்கமருந்து என்பதே பொருந்தும். மோசமான குழப்பம் ‘ஸ்டீராய்டு’. லாண்டிஸ் வழக்கில் வந்த டெஸ்டோஸ்டிரோன் அனபாலிக் ஸ்டீராய்டு, தசை வளர்ப்பது, எந்நாளும் தடை. பிரிட்டன் வீரர் விக்கின்ஸ் பற்றிய செய்தியில் வந்த ட்ரயம்சினலோன் கார்ட்டிகோஸ்டீராய்டு, வீக்கத்தையும் ஒவ்வாமையையும் அடக்குவது, பந்தய நாளில் மட்டும் தடை. அதையும் மருத்துவ விலக்கு இருந்தால் எடுக்கலாம். இரண்டையும் ‘ஸ்டீராய்டு’ என்று மொழிபெயர்த்தால் செய்தி தலைகீழாகிவிடும். ‘பாசிட்டிவ்’ என்பதை ‘நேர்மறை’ என்று போடாமல், ‘தடைசெய்த பொருள் இருந்தது’ என்று எழுதினால் யாருக்கும் புரியும்.

கே: அந்த விக்கின்ஸ் ஆவணம் திருடப்பட்டதுதானே? திருட்டுக் காகிதத்தை வைத்துச் செய்தி எழுதலாமா?

ப: 2016 செப்டம்பரில் ‘ஃபேன்சி பேர்ஸ்’ என்ற ஊடுருவல் கும்பல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தரவுத்தளத்திலிருந்து எடுத்தது அது. 2011, 2012, 2013 மூன்று ஆண்டுகளிலும் பெரிய சுற்றுப் பந்தயத்துக்குச் சற்று முன் ட்ரயம்சினலோன் ஊசிக்கு அனுமதி வாங்கியிருந்தார் என்று தெரிந்தது. எந்த விதியும் மீறப்படவில்லை. ஆனால் மூன்று முறையும் ஊசி விழுந்த காலம் பொதுவில் பேச வேண்டிய விஷயமே. அந்தப் பேச்சு வீணாகவில்லை: 2022 ஜனவரி முதல் பந்தயக் காலத்தில் இவ்வகை மருந்தை எந்த விதமாகவும் ஊசியில் ஏற்றக் கூடாது என்று விதி வந்தது.

எழுதலாம், இரண்டு நிபந்தனையோடு. கும்பல் வெளியிட்டதில் சில, மூலத் தரவுடன் ஒத்துப்போகவில்லை என்று முகமையே எச்சரித்தது. ஆகவே வீரரிடமோ அணியிடமோ காட்டி உறுதி செய்யாத ஒரு வரியும் அச்சேறக் கூடாது. அடுத்து, அதே கோப்பில் இருக்கும் நூறு பேரின் ஆஸ்துமாவும் ஒவ்வாமையும் செய்தி ஆகாது. ஒருவரின் நோயைச் சொல்லாமல் விதியின் ஓட்டையைச் சொல்ல முடியுமானால், நோயை விட்டுவிடுங்கள்.

கே: டூரை நடத்துவதும் லெக்கீப்பை நடத்துவதும் ஒரே குழுமம் என்கிறார்களே. அப்புறம் எப்படி உண்மை வரும்?

ப: ஆமாம், இரண்டும் அமோரி குழுமத்தில். பந்தயமே பத்திரிகை விற்பதற்காகப் பிறந்ததுதான். 1903-ல் டூரைத் தொடங்கியதே லோட்டோ என்ற நாளிதழ்தான். ஆனாலும் ரெஸியோவின் செய்தி வந்தது அதே லெக்கீப்பில். உடைமை ஒரு அழுத்தம், ஒரேயடியான பூட்டு அல்ல.

பூட்டு பெரும்பாலும் நெருக்கத்தில் இருக்கிறது. மூன்று வாரம் அதே ஓட்டல், அதே வீரர்கள். ஒரு கேள்வி கேட்டால் நாளைக்குப் பேட்டி இல்லை. அதனால் வெளியாள் வந்து உடைப்பது இந்த விளையாட்டில் பழைய வழக்கம். 1924 ஜூனில், பந்தயத்திலிருந்து விலகிய பெலிஸியே சகோதரர்களைக் குத்தான்ஸ் ரயிலடிக் காப்பிக் கடையில் பிடித்தவர் ஆல்பர்ட் லோந்த்ர். சிறைக் கொடுமைகளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தவர், சைக்கிள் நிருபர் அல்ல. பையைத் திறந்து கண்ணுக்குக் கோகெயின், ஈறுக்குக் குளோரோஃபார்ம், மாத்திரைகள் என்று மேசையில் எடுத்து வைத்தார்கள். விவரம் தெரியாதவர் என்று கொஞ்சம் கூட்டித்தான் சொன்னோம் என்று பிரான்ஸிஸ் பெலிஸியே பிற்காலத்தில் சொன்னார். வெளியாள் துணிந்து கேட்பார், ஆனால் கேட்டதைச் சரிபார்க்க உள்ளாள் வேண்டும்.

ஒரேயடியாக முகம் திருப்பிக்கொள்வதும் பயன் தருவதில்லை. 2007 ஜூலை 18 அன்று ஜெர்மன் வீரர் சின்கெவிட்ஸின் பாதகமான முடிவு தெரிந்ததும், ஜெர்மன் தொலைக்காட்சிகளான ஏஆர்டியும் இசட்டிஎஃப்பும் டூர் நேரலையை நிறுத்தின. வேறு ஒரு அலைவரிசை எடுத்துக்கொண்டது. அதே ஏஆர்டி 2019-ல் பனிச்சறுக்கு வீரர் ஒருவரின் வாக்குமூலத்தை ஒளிபரப்பியபோது, எர்ஃபுர்ட் மருத்துவர் ஒருவரின் ரத்தமேற்றும் வலை உடைந்தது. சைக்கிள் வீரர்களும் அதில் இருந்தார்கள். கேமராவை அணைத்ததைவிடத் திருப்பியதால்தான் பலன்.

கே: அவதூறு வழக்குக்குப் பயந்தால் எதையும் எழுத முடியாதே?

ப: பயம் நியாயமானது. 2004-ல் ஆர்ம்ஸ்ட்ராங் பற்றி பிரிட்டனின் சண்டே டைம்ஸ் எழுதியது கேள்விகள் என்றே அது நினைத்தது. சாதாரண வாசகர் அதைக் குற்றச்சாட்டாகவே படிப்பார் என்று நீதிபதி சொன்னார். 2006-ல் 3 லட்சம் பவுண்டு கொடுத்துச் சமரசம். உண்மை தெரிந்த பிறகு அதே செய்தித்தாள் அவர்மீது வழக்குப் போட்டு, 2013-ல் தீர்த்துக்கொண்டது. ‘கேள்வி எழுகிறது’ என்று வாலில் ஒட்டவைத்தால் பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம். முழுக் கட்டுரையும் எந்தப் பக்கம் சாய்கிறது என்றுதான் பார்ப்பார்கள்.

எதிர்ப்பக்கத்தையும் மறக்கக் கூடாது. 2006 மே 23 அன்று மாட்ரிட்டில் மருத்துவர் ஃபுவெந்தெஸிடம் ரத்தப் பைகள் பிடிபட்டபோது, பைகளில் இருந்தவை புனைபெயர்கள். இத்தாலி வீரர் இவான் பஸ்ஸோவின் பை ‘பிரில்லோ’. அது அவர் நாயின் பெயர். புனைபெயரிலிருந்து மனிதருக்குப் போவதற்குச் சான்று வேண்டும். ஒரு அணியில் ஐந்து பேர் பட்டியலில் இருப்பதாகச் சொல்லி டூரிலிருந்து தடுக்கப்பட்டார்கள். ஜூலை முடிவதற்குள் ஸ்பெயின் நீதிமன்றம் அவர்கள்மேல் ஒன்றும் இல்லை என்றது. அதற்குள் பந்தயம் முடிந்துவிட்டது.

கே: சிறிய விளையாட்டுப் பக்கம் பார்த்துக்கொள்கிறேன். இரவு பத்து மணிக்கு ஒரு வதந்தி வந்தால் முதலில் எதைப் பார்ப்பது?

ப: யுசிஐ தளத்தில் தற்காலிக இடைநீக்கப் பட்டியல் இருக்கிறது, அதைத் திறங்கள். 2021 முதல் சோதனை வேலையைக் கவனிக்கும் சர்வதேசச் சோதனை முகமையின் அறிவிப்பையும் பாருங்கள். பெயர் இருந்தால் பொருள், மாதிரி எடுத்த தேதி, எந்தப் பந்தயம் என்று மூன்றும் அங்கேயே கிடைக்கும். இல்லாவிட்டால் அணிக்கும் வீரரின் முகவருக்கும் கேள்வியை எழுத்தில் அனுப்பி, பதிலுக்கு நேரம் குறிப்பிடுங்கள்.

பிறகு, இது எந்த விதிப் புத்தகம் என்று கேளுங்கள். 2022 டூரில் ஆறாமிடம் பிடித்த நைரோ கின்டானாவின் ரத்தத் துளிகளில் ட்ரமடால் வலிநிவாரணி தெரிந்தது. இடம் பறிபோனது. ஆனால் அது யுசிஐயின் மருத்துவ விதி. ஊக்கமருந்து விதிமீறல் அல்ல, தடையும் கிடையாது. உலகப் பட்டியலில் ட்ரமடால் சேர்ந்தது 2024 ஜனவரியில்தான். 2016-ல் சைமன் யேட்ஸுக்கு நான்கு மாதத் தடை வந்தது மெய். உறிஞ்சும் மருந்தை அவர் படிவத்தில் எழுதியிருந்தார். விலக்குக்கு விண்ணப்பிக்க மறந்தது அணி மருத்துவர். இந்த இரண்டு வரியும் தலைப்பில் இடம் பெறாது. ஆகவே முதல் பத்தியிலேயே போடுங்கள். பக்கம் குறைந்தால் கடைசிப் பத்தியைத்தான் வெட்டுவார்கள்.

பதினொன்றரைக்குள் ஒன்றும் உறுதியாகவில்லை என்றால், அன்றைய கட்டத்தின் முடிவை மட்டும் போட்டுவிட்டு வதந்தியைக் காலைக்குத் தள்ளுங்கள்.